பூச்சியம் சஹன்

மென்பொருள் எழுதுகிறவனுக்குத் தன் கோட் தன் பிள்ளை மாதிரி. அதில் பிழை இருக்கிறது என்று யாராவது சொன்னால் முகம் கோணிவிடும். (எனக்கு அப்போது மூக்கும் சேர்ந்து சிவக்கும்.)

தங்கச்சியின் கலியாணத்துக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினோம். ஒவ்வொரு வீட்டாரும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பதிந்தால், மொத்தம் எத்தனை சஹன் வேண்டும் என்று சொல்லும் செயலியை நானே எழுதினேன். ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது எங்கள் சாய்ந்தமருது வழக்கம். ஆகவே ஒவ்வொரு வீட்டுக் கணக்கையும் ஆறால் வகுத்துக் கூட்டச் சொன்னேன். ஆறு என்று போட்டுப் பார்த்தேன், ஒன்று வந்தது. பன்னிரண்டு போட்டேன், இரண்டு வந்தது. என் சோதனை அத்தோடு முடிந்தது.

மாமியின் மகள் நுஸ்ரா கல்முனையில் ஒரு கம்பனியில் மென்பொருள் சோதிப்பவள். அடுத்தவன் கோட்டில் ஓட்டை தேடுவதுதான் அவளுக்குச் சம்பளம்.

"மச்சான், ஒரு ஊட்டுல அஞ்சு பேர் வந்தா?"

"எழுதினது நான். உன்ட வேலய உன்ட ஒபிஸ்ல பாரு, மச்சி."

மொத்தக் கணக்கைக் கண்ட வாப்பா மட்டும் தாடியைத் தடவினார். "இவ்வளவு கொறைவா? ஓம், ஊர்ல பாதிப் பேர் கட்டார்ல வேலதானே."

கலியாணத்தன்று அந்தப் பாதியும் வந்து இறங்கியதுபோல் பந்தல் நிரம்பியது. முதல் பந்தியோடு சாப்பாடு தீர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் கை கழுவிவிட்டு ஈரக் கையோடு காத்திருந்தார்கள்.

நுஸ்ரா என் போனைப் பறித்து ஐந்து என்று போட்டாள். திரையில் பூச்சியம். வகுத்து வந்த மிச்சத்தை என் செயலி வீட்டுக்கு வீடு தூக்கி எறிந்திருக்கிறது. ஆறு பேரைத் திரட்ட முடியாத வீட்டுக்கெல்லாம் பட்டினி! (எட்டுப் பேர் வந்த வீட்டில் இரண்டு பேருக்கு.)

"யா அல்லாஹ், சம்பந்தி ஊட்டாருக்கு என்னத்தச் சொல்ற?" என்று வாப்பா கதிரையில் இருந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. 'கோட் சரி, ஆட்கள்தான் பிழையாக வந்திருக்கிறார்கள்' என்று சொல்ல வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்து வழியில் கண்ட கொத்து ரொட்டிக் கடைகளுக்கெல்லாம் ஓடினேன்.

கடைசியில் மாப்பிள்ளையின் வாப்பா நடுவில் இருக்க, ஆறு ஆறு பேராகச் சஹனைச் சுற்றி இருந்து கொத்து ரொட்டி சாப்பிட்டார்கள். "கலியாணத்துல கொத்துத் திங்கிறது இதான் மொதல் தடவ," என்ற சம்பந்தி, இன்னொரு பிடி அள்ளினார். "உறைப்பு நல்லாரிக்கி." எங்கள் வாப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உறவுக்குள் அது இன்றும் 'கொத்துக் கலியாணம்'தான். நுஸ்ராவைப் பிறகு நானே கட்டிக்கொண்டேன். (அந்தக் கலியாணத்தின் சஹன் கணக்கை அவள் என் கையில் தரவில்லை.) கோட் எழுதி முடித்தேன் என்றாலும் சரி, கதவைப் பூட்டிவிட்டேன் என்றாலும் சரி, தலையைத் தூக்காமல் "அஞ்சு பேர் வந்தா?" என்பாள். நான் முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய்ப் பார்ப்பேன். போன கிழமை கதவு திறந்துதான் கிடந்தது.