பால்வெளியைக் கீழே தள்ளிய கதை

கைக்கு வந்த வேலையை ஒரே நிமிடத்தில் தொலைத்தவள் நான். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. (எனக்கும் சேர்த்து அம்மா வருத்தப்பட்டுவிட்டார்.)

எண்பதுகளின் நடுவில், இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு விழுப்புரத்தில் சும்மா இருந்தேன். திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். மாணவர்கள் முன்னால் ஒரு மாதிரி வகுப்பும் எடுக்க வேண்டும். இதுவும் கிடைக்காவிட்டால், கோலியனூர் மாமா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிவிட வேண்டும் என்று வீட்டில் ஒப்பந்தம்.

மற்றவர்கள் ஓம் விதி எடுப்பார்கள். நான் எடுப்பேனா? நம் பால்வெளியைச் சுற்றிவரும் குட்டி விண்மீன் திரள்களைப் பற்றி எடுக்கப் போனேன். பால்வெளிக்கு ஒரு வெள்ளைப் பூசணிக்காய். மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு குட்டித் திரள்களுக்கு இரண்டு எலுமிச்சம்பழம். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன். அன்று அமாவாசை என்பது என் மண்டைக்கு உறைக்கவில்லை.

கல்லூரியில் வகுப்பு மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவி வருவதற்குள் எல்லாம் காணோம். பியூன் பெருமையாக நின்றார்.

"திஷ்டி சுத்தி கேட்டாண்ட ஒடச்சிட்டேங்க. எலுமிச்சம்பழத்தையும் நசுக்கியாச்சி. நல்ல காயா பாத்து எட்துக்கினு வந்தீங்க!"

"இப்ப எதை வச்சிம்மா பாடம் எடுப்ப?" என்றார் தாளாளர். நூறு கிலோவுக்குக் குறையாத மனிதர்.

"நீங்கதான் சார் பால்வெளி."

அவருக்கு ஒரே பூரிப்பு. பியூனிடம் ஒரு கொடிக் கயிறு வாங்கி, ஒரு நுனியை அவரிடம் கொடுத்தேன். மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, குட்டித் திரளாக அவரைச் சுற்றினேன். பெரியது இழுக்க இழுக்கச் சின்னதன் விண்மீன்கள் வால்போல நீண்டு பிரியும் என்று விளக்கினேன். சின்னதும் பெரியதை இழுக்கும், அதனால் பெரியதும் கொஞ்சம் அசையும் என்றேன்.

"பெரிசு எதுக்கும்மா அசையணும்?" என்று சிரித்தார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்து ஓடினேன். பால்வெளி இரண்டு முறை தள்ளாடி, பொத்தென்று தரையில் உட்கார்ந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

எழுந்தவர் வேட்டியைத் தட்டிக்கொண்டே என் பக்கம் குனிந்தார். "தரை வழுக்கிடுச்சின்னு பசங்ககிட்ட சொல்லிடும்மா. திங்கக்கெழமை வந்து வேலையில சேந்துக்க."

நல்ல பெண்ணாகத் தலையாட்டியிருக்கலாம். எனக்கு ஏது அந்தப் புத்தி?

"தரை வழுக்கலைங்க சார். நான்தான் இழுத்தேன்."

வேலை போனது. ஒப்பந்தப்படி கழுத்தை நீட்டினேன். ஆனால் நான் சொன்னது தப்பில்லை. இன்றைக்கும் அதே வகுப்பில் நின்று அதையே சொல்வேன்.

என் கணவர் எதற்காவது முடியாது என்று உறுதியாக நின்றால், மகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "அப்பா, எதையாச்சும் கெட்டியா புடிச்சிக்கினு நில்லுங்க. அம்மா சுத்த ஆரம்பிச்சிட்டாங்க!"