ஐஸ் உருகுவதற்குள் நாகர்கோவில்

தூரத்தை எல்லோரும் கிலோமீட்டரில் அளக்கிறார்கள். அவசரக்காரர்கள் மணிக்கணக்கில் அளக்கிறார்கள். ஐஸ்கட்டியில் அளக்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் காசிமேட்டில், எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார்.

பெயர் ஐஸ் மாமா. ஆதார் கார்டில் வேறு பெயர் இருக்கலாம். நான் பார்த்ததில்லை, பார்த்தவர்களையும் பார்த்ததில்லை. துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்ததும் வஞ்சிரத்தையும் சங்கராவையும் தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸ் போட்டு அடைத்து, வேனில் ஏற்றிச் சேலம், கோயம்புத்தூர், மதுரை என்று ஓட்டுவது அவர் தொழில். அதனால் திண்டிவனம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் "அரைக்கூடை ஐஸு" என்பார். திருச்சி என்றால் "ஒண்ணரைக் கூடை, மே மாசம்னா ரெண்டு" என்பார். கோயம்புத்தூரைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு மரியாதை வரும்.

எங்கள் தெருவில் யார் காரெடுத்து வெளியூர் கிளம்பினாலும் இவரிடம் வழி கேட்டாக வேண்டும். கேட்காமல் போனால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து ஒரு வாரம் அவரிடம் பேச மாட்டார்கள்.

மாடிவீட்டு டீச்சர் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போனார். "கடலூர்ல ஒரு வாட்டி நிறுத்து, நாகப்பட்ணத்துல ஒரு வாட்டி. அவ்ளோதான்" என்று சொல்லி அனுப்பினார் மாமா. இரண்டுமே ஐஸ் பாக்டரி வாசல். திரும்பி வந்த டீச்சர் கொதித்துப்போய் நின்றார்.

"ஏங்க, பசங்க ஒண்ணுக்குப் போக ஒரு இடம்கூடச் சொல்லலையே நீங்க?"

மாமா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "எம் மீனு ஒரு நாளும் கேட்டதில்லையே டீச்சர்!"

போனில் வழி சொல்லும் பெண்குரலோடு அவருக்குத் தீராத பகை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அனுமார் வால் போல நிற்கும்போது, அந்தக் குரல் "நேராகச் செல்லவும்" என்று சொல்லிவிடும். மாமா போனை வாய்க்கு அருகில் கொண்டுபோய் நிதானமாகக் கேட்பார். "இன்னாம்மா, எறங்கி வந்து ஒரு தபா பாத்துட்டுச் சொல்றியா?" அவருடைய கொள்கை ஒன்றுதான். வடசென்னையை விட்டு வெளியே வருவதுதான் பயணம். அதற்கு அப்பால் கன்னியாகுமரி வரைக்கும் ரோடே இட்டுக்கொண்டு போய்விடும்.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் கல்யாண நிச்சயதார்த்தம் சிக்கியது.

பெண் ஜெனி, நாகர்கோவில். மே மாதம், சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் வீட்டில் நிச்சயம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் முதலில் உள்ளே நுழைந்து தட்டு வைக்க வேண்டும். என் அம்மாவோ ஒற்றைப் பெண். அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. மாமன் இல்லாத வீடு என்று அவர்கள் மனதுக்குள் நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் அந்தக் குறையை ஒரு கேக்கால் மூடிவிடுவது என்று முடிவு செய்தாள். ராயபுரத்தில் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் கேக் செய்யும் பேக்கரியில் இரண்டு அடுக்கு, சுற்றிலும் வெண்ணெய் ஐசிங், மேலே ரோஜாப்பூக்கள்.

"நாகர்கோவில்ல கேக்கே கிடைக்காதாக்கும்?" என்றார் அப்பா.

"கிடைக்கும். அது அவங்க ஊர் கேக்கு" என்றாள் அம்மா.

அப்பா தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். கால்குலேட்டர் இல்லாமல் கனவுகூடக் காண மாட்டார். நாங்கள் வாங்கியிருந்த பழைய டீசல் காருக்கு என்ன மைலேஜ், போக வர எத்தனை லிட்டர் என்று தட்டிப் பார்த்து, டோல்கேட் செலவைக் கண்டு அதிர்ந்து, டோல்கேட்டே இல்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அந்த வழி ஏறக்குறைய எல்லாக் கிராமத்துக்கும் போனது.

ஐஸ் மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, டோலை மிச்சம் புடிச்சா டீசலு போவும். டீசலை மிச்சம் புடிச்சா ஐஸு போவும். ஐஸு போனா தங்காச்சி மானம் போவும். எது சல்லிசு? நீயே சொல்லு."

"அப்ப டீசலுக்கு எவ்வளவு ஆகும்? கணக்கைச் சொல்லும்வே."

"போவ ஒரு டேங்க்கு, வர ஒரு டேங்க்கு. கணக்கு தப்புனா எம் பேர மாத்திக்கறேன்."

"உம்ம பேரே எவனுக்கும் தெரியாது. எதை மாத்துவீரு?"

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. கேக் வருகிறது என்றால் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். ஐஸ் பெட்டியை வேறொருவர் ஓட்டுகிற வண்டியில் அனுப்புவது அவர் வம்சத்திலேயே கிடையாதாம்.

விடிவதற்கு முன்பே வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார், கையில் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு. அம்மா சந்தேகமாக மோந்து பார்த்தாள்.

"பொட்டி புச்சும்மா. ஒரே ஒரு வாட்டி வஞ்சிரம் போய்ட்டு வந்துது. நல்லா கயுவிட்டேன்."

நொறுக்கு ஐஸைப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, அட்டைப்பெட்டியோடு கேக்கை உள்ளே இறக்கினார். பின்சீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவே அது அமர்ந்தது. சீட் பெல்ட் போட்டது வண்டியிலேயே அதற்கு மட்டும்தான்.

கண்டெய்னர் லாரிகள் முழித்துக்கொள்வதற்குள் ஏதேதோ சந்துகளில் புகுந்து எங்களை ஜிஎஸ்டி சாலையில் கொண்டுபோய்ப் போட்டார். செங்கல்பட்டில் அம்மா காபி கேட்டாள். "திண்டிவனத்துல ஐஸ் பாக்டரில குட்ப்பாங்கம்மா" என்றார். விழுப்புரத்தில் நான் நாஷ்டாவுக்கு நிறுத்தச் சொன்னேன். "திருச்சில ஐஸ் பாக்டரி வாசல்ல இட்லி கீது நைனா." பசி, தாகம், மற்ற அவசரங்கள் எல்லாவற்றுக்கும் அன்றைக்கு ஐஸ் பாக்டரிதான் போக்கிடம்.

திருச்சியைத் தாண்டி விராலிமலை அருகே காரின் ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. மே மாதத்து உச்சிவெயில். கண்ணாடியை இறக்கினால் அனல் அடித்தது. ஏற்றினால் நாங்களே வெந்தோம். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டி என் புதுச் செருப்பை நனைத்தது. அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். மேலிருந்த ரோஜா ஒன்று தலை சாய்ந்திருந்தது. அம்மா சேலை முந்தானையால் பெட்டிக்கு விசிறத் தொடங்கினாள்.

"தூக்கி எறிஞ்சிட்டு அங்கயே ஒண்ணு வாங்கிக்கலாம். அழாதே" என்றார் அப்பா. அம்மா அதுவரை அழவில்லை. அதைக் கேட்டதும் அழுதாள்.

ஐஸ் மாமா கண்ணாடியில் அதைப் பார்த்தார். "தங்காச்சி, கண்ணத் தொடை. எம் பொட்டில போன மீனு எதுவும் இதுவரைக்கும் கெட்டதில்ல."

பிறகு அவர் ஓட்டிய ஓட்டத்தில் அப்பா கால்குலேட்டரைக் கீழே போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மேலூர் தாண்டி ஒரு திருப்பம். இரும்புக் கதவு. எப்போதும் மீன்வேனில் வருகிறவர் காரில் வந்து இறங்கியதும் உள்ளேயிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"என்னண்ணே, வேட்டி சட்டையெல்லாம்? என்ன சரக்கு?"

மாமா மூடியைத் திறந்தார். மீனை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தவர்கள் ரோஜாப்பூக்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் தன்னையறியாமல் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "எம் மருமவனுக்கு நிச்சயம்ப்பா. நைஸா நொறுக்கிப் போடு" என்றார் மாமா. அவர்கள் ஐஸை அரிசிக்குருணை போல நொறுக்கி, நாலு பக்கமும் கையாலேயே அணைத்து வைத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். அப்பா முதன்முறையாக அந்த வழியைப் பாராட்டினார்.

அதற்கு மேல் மாமாவுக்குத் தெரிந்த ஐஸ் பாக்டரி கிடையாது. கோவில்பட்டி, திருநெல்வேலி, நாங்குநேரி என்று ஊர்கள் வர வர ஐஸ் தண்ணீராகிக்கொண்டே வந்தது. பெட்டியில் ஒரு பிடி மிஞ்சியிருந்தபோது ஆரல்வாய்மொழிக் கணவாய் வந்தது. காற்றாலைகள் சுற்ற, மலையிலிருந்து காற்று குளுகுளுவென்று காருக்குள் பாய்ந்தது. மாமா தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"இன்னா காத்துடா! முன்னாடியே தெரிஞ்சிருந்தா அரைக்கூடை ஐஸ மிச்சம் புடிச்சிருப்பேனே!"

டீசல் முள் சிவப்பைத் தொட்டபோது பெண்வீட்டு வாசலில் நின்றோம். ஒரு டேங்க். அப்பா முள்ளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கீழே கிடந்த கால்குலேட்டரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கேக்கை யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று மாமாவே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வாசலில் ஜெனியின் அப்பா கும்பிட்டு வரவேற்று, எல்லோர் முன்னாலும் அம்மா பயந்த அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டார். "மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் யாரு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

"இந்தா நிக்காங்கல்லா, எங்க அண்ணன்" என்றாள் அம்மா.

மாமாவின் கண்கள் நிரம்பி வழிந்தன. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் கேக். அப்பா பக்கத்தில் போய்த் தன் தோள்துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "உள்ள போங்க மச்சான், ஐஸ் உருகுது" என்றார்.

கேக் வெட்டியதும் ஜெனிக்கு ஒரு துண்டு ஊட்டினேன். மென்றுகொண்டே என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். "கேக்குல ஏதோ மீன் வாசம் அடிக்கே?"

"மீன் இல்ல ஜெனி" என்றேன். "அது எங்க மாமா."