குறையையும் எழுதும் தரகர்

ஒரு கலியாணத்தைக்கூட ஒப்பேற்றாத கலியாணத் தரகர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் டென்மார்க்கில், எங்கள் சில்க்போர்க் நகரில் பஸ் ஓட்டுகிறார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் தரகர்தான். மாப்பிள்ளையின் குறட்டையைப் பெண் வீட்டிலும், பெண்ணின் முன்கோபத்தை மாப்பிள்ளை வீட்டிலும் முதல் நாளே சொல்லிவிட்டால் எந்தச் சம்பந்தம் நிற்கும்?

சனம் கைவிட்டதும் மனிதர் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவினார். ஒருவன் முட்டை வடிவப் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் அவன்மேல் விழுகிற விளையாட்டு. எங்கள் ஊர்க் கழகத்தில் உயர்தர வகுப்புப் பெடியன்கள் ஆடுவார்கள். அதில் யார் கண்ணிலும் படாதவனைக் கண்டுபிடித்து அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு எழுதுவார். எழுதச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

பந்து போகும் பக்கம் அவர் பார்ப்பதே இல்லை. விழுந்தவன் எப்படி எழும்புகிறான், தண்ணீர்ப் போத்தல்களை எவன் பொறுக்குகிறான், அவ்வளவுதான். அறிக்கையும் அப்படித்தான்: "நல்ல உயரம். குடி, சிகரெட் இல்லை. தாய்வழியில் எல்லாரும் திடகாத்திரம்." அடியில் பிறந்த நேரம் வேறு.

"அண்ணை, அவங்கள் சாதகம் பாப்பாங்களே?" என்று கேட்டேன்.

"பாக்காட்டி அவங்களுக்குத்தான் நட்டம்!"

விழுந்து விழுந்து சிரித்தேன், என் மகன் நிரோஜனை அவர் தெரிவு செய்யும்வரை. எதிரணியை மறித்து நிற்கிற கனத்த பெடியன் அவன். பந்தையே தொடமாட்டான், அதனால் எந்தத் தெரிவிலும் அவன் பெயர் வந்ததில்லை. அமெரிக்கா போய் விளையாடிப் படிக்கவேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. அறிக்கையை வாங்கிப் பெருமையோடு வாசித்தேன். கடைசியில் ஒரு வரி:

"குறை: தகப்பன் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. பெடியன் ஒவ்வொரு ஆட்டமும் தொடங்க முதல் கார் நிறுத்துமிடத்தை ஒருக்கால் பார்ப்பான்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சனிக்கிழமைகளில் எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வர முடியாது என்றால் நிரோஜன், "டே எர் ஃபீன்ட், அப்பா" என்று டெனிஷில் சொல்லிவிடுவான். பரவாயில்லையாம். நானும் நம்பியிருந்தேன்.

"அந்த வரியை வெட்டுங்கோ அண்ணை! பிள்ளையின்ரை வாழ்க்கையெல்லோ!"

"குறையை மறைச்சு நான் சம்பந்தம் பேசினதில்லை. நீர் ஒருக்கா வாரும், வெட்டுறன்."

சண்டை பிடிக்கத்தான் வேலையை மாற்றிக்கொண்டு போனேன். நல்ல மழை. நிரோஜன் தலைக்கவசத்தைப் போடமுதல் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தான். திரும்பினான். நம்பாமல் இன்னொருக்கால் பார்த்தான். எனக்குக் கையைத் தூக்கிக் காட்டக்கூட முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தரகர் குடைக்குள் நின்று அந்த வரியைப் பேனையால் வெட்டினார். கீழே எழுதினார்: "தகப்பன் இன்று வந்தார். அழுதார். நல்ல குடும்பம்."

அந்தத் தாளை அப்படியே படம் பிடித்து அனுப்பினார். சில வாரங்களில் ஒரு கல்லூரியிலிருந்து பதில் வந்தது: "வெட்டிய வரியையும் வாசித்தோம். அதனால்தான் மற்றதையும் நம்பினோம். பையனை அனுப்புங்கள்."

"பாத்தீரே, என்ரை முதல் சம்பந்தம்!" என்று தரகர் என் முதுகில் அறைந்தார்.

நிரோஜன் இப்போது அமெரிக்காவில். நான் இன்றும் சனிக்கிழமைகளில் மைதானத்துக்குப் போகிறேன். தரகர் வரக் கொஞ்சம் பிந்தினால், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.