ஜும்ஆ நேரத்தில் பறந்த டிரோன்

அன்புத் தம்பி முகம்மது ஆசிக்குக்கு, தென்காசியிலிருந்து அக்கா ஷரீபுன்னிசா சொல்லும் ஸலாம். மஸ்கட் வெயிலிலிருந்து அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

நேற்று அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், உன் மச்சான், அவருடைய அக்கா அலிமா மதினி, கதவுக்குப் பின்னால் நம் பிள்ளை அஃப்ரின். ஆக மூன்றரைப் பேர். நீ அனுப்பிய மாப்பிள்ளை வீடியோவை நான்கு தடவை பார்த்தோம்.

மாப்பிள்ளைப் பையன் முஃபீத் நிற்பதும் நடப்பதும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ வேண்டும் என்றுதானே உன்னிடம் கேட்டேன்? வடகரையில் நல்ல குடும்பம், பையன் மஸ்கட்டில் உன் பக்கத்து அறை, ஐந்து வக்துத் தொழுகையும் தவறாதவன் என்று நீ சொன்ன சொல்லுக்காகத்தான் அஃப்ரினுக்கு இந்தச் சம்பந்தத்தைப் பேசவே தொடங்கினேன். அவனோ டிரோனை மேலே ஏற்றி ஒரு கடற்கரையை ஏழு நிமிடம் பிடித்து அனுப்பியிருக்கிறான். சரி, கடலையாவது பார்ப்போம் என்றால் விட்டானா? திரை முழுக்க எண்ணாக ஒட்டி வைத்திருக்கிறான். இடது மூலையில் உயரம், அதன் கீழே வேகம், வலது பக்கம் தூரம், நடுவில் திசை காட்டும் வட்டம், அலை வந்து உடைகிற இடத்தில் சரியாகப் பேட்டரி. நான் நோட்டை எடுத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்தி எழுதினேன். உயரம் 61.4 மீட்டர். வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். சேட்டலைட் பதினேழு. பேட்டரி 84-ல் தொடங்கி 59-ல் முடிகிறது. மாப்பிள்ளை மணலில் ஒரு எள். புள்ளி நான்கு வரைக்கும் டிரோனின் உயரத்தைச் சொன்னவன், தன் உயரத்தைச் சொல்லவில்லை.

“மொகத்தக் காட்டச் சொன்னா மேகத்தக் காட்டுதான்” என்றார் மதினி.

உன் மச்சான் ஐந்தருவியில் துண்டு விற்கிறவர் அல்லவா, அவருக்கு அவர் கவலை. “ஏட்டி, குளிக்கவன் தலைக்கு மேல தண்ணி எத்தன கிலோமீட்டர் வேகத்துல விழுதுன்னு எழுதிப் போட்டா, எவனாவது அருவிக்குள்ள போவானா? எங்கிட்டதான் துண்டு வாங்குவானா?”

சிரித்தது அதுவரைதான். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் தேதியும் நேரமும் ஓடியதை நான் ஒருத்திதான் கவனித்தேன். அக்டோபர் 10, 12:12. காலண்டரைப் புரட்டினால் வெள்ளிக்கிழமை! ஜும்ஆத் தொழுகைக்கு இமாம் பள்ளிவாசல் மிம்பரில் ஏறி நிற்கிற நேரத்தில் இவன் கடற்கரையில் டிரோன் விட்டுக்கொண்டிருக்கிறான். திருடன்கூட வந்த நேரத்தைச் சுவரில் எழுதிவிட்டுப் போகமாட்டான். இவன் எழுதி, மாமியாராகப் போகிறவளுக்கே அனுப்பிவிட்டான். ஜும்ஆவை விட்டவனுக்கு என் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன். வடகரைக்குப் போன் போட்டு, இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று சொல்லிவிடு. அஃப்ரினிடமும் சொல்லிவிட்டேன். “சரிம்மா” என்றாள். ஆக்கி வைத்த சோறு அப்படியே இருக்கிறது, வயிறு சரியில்லையாம்.

உனக்கு நல்ல உடம்பையும், ஆள் பார்க்கக் கொஞ்சம் கண்ணையும் அல்லாஹ் தருவானாக.

துஆவுடன்,
அக்கா ஷரீபுன்னிசா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அஃப்ரின் வந்து நின்றாள். “அம்மா, அது கிரீன்விச் நேரம்மா. சேட்டலைட்டு அதத்தான் கொடுக்குமாம். மஸ்கட்டுக்கு நாலு மணி நேரம் கூட்டணும். அவுங்க மாத்த மறந்துட்டாங்க.” நான் நம்பவில்லை. மறுபடி வீடியோவைப் போட்டு அந்த எள்ளை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நிழல் ஆளைப் போல மூன்று மடங்கு. நிழலை வைத்து அஸர் வக்து சொல்லத் தெரிந்த எனக்கு, உச்சிப்பொழுது நிழல் எது, சாயங்கால நிழல் எது என்று தெரியாதா? நான்கேகால் மணி நிழலேதான். பையன்மேல் குற்றமில்லை, கூட்டல்தான் வரவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. “மறந்துட்டாங்கன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“அவுங்கதான்.”

“ஏட்டி, எப்பச் சொன்னாங்க?”

அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டாள். போய்ப் பார்த்தேன், அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஆகையால் மேலே எழுதிய எதையும் வடகரையில் சொல்லித் தொலைக்காதே. நிக்காஹுக்கு அவர்களுக்கு எந்த மாதம் தோதுப்படும் என்று கேட்டு, சீக்கிரம் பதில் எழுது.