நலோங்கோவின் முழங்காலுக்கு நாற்பத்தெட்டு மதிப்பெண்

மசாக்கா,
வெள்ளிக்கிழமை காலை.

முழங்கால் அறுவை முடிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, கேள்வி கேட்டு, மதிப்பெண் போடும் மரியாதைக்குரிய நம்யாலோ அம்மையாருக்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் எராஸ்தோ கிக்குண்டு எழுதிக்கொள்வது. நன்றாகத் தூங்கி எழுந்தீர்களா, வீட்டார் சுகமா, நீங்கள் பாடுபடுவதற்கு நன்றி. நாங்களும் சுகம். இந்தக் கடைசி வரியை மட்டும் நம்பவேண்டாம், முறைக்காக எழுதினேன்.

மதிப்பெண்ணைக் கூட்டிப் போடச் சொல்லிக் கோழியோடு வந்த தகப்பன்களை முப்பத்திரண்டு வருடம் வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். இன்று நானே ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறேன். என் மனைவி, இரட்டைப் பிள்ளை பெற்றதால் ஊரே நலோங்கோ என்று கூப்பிடுகிறவள், ஆறு மாதத்துக்கு முன் உங்கள் ஆஸ்பத்திரியில் வலது முழங்காலை மாற்றிக்கொண்டாள். போன மாதம் நீங்கள் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "எப்படி இருக்கீங்கம்மா?" என்றீர்கள். "நல்லா இருக்கேன் கண்ணு." "ராத்திரி தூக்கம்?" "நல்ல தூக்கம்." "வலி?" "அதுவும் நல்லாத்தான் இருக்கு." "மண்டிபோட்டு எழுந்திரிக்க முடியுதா?" "என்ன இப்படிக் கேட்டுட்ட? பெரியவங்களுக்கும் புருஷனுக்கும் முன்னால மண்டிபோடச் சொல்லி என்னை வளர்க்காமலா விட்டாங்க?" நலம் விசாரிக்கும்போது நம்மில் யாராவது நலமில்லை என்று சொல்வார்களா அம்மையாரே? அது முடிந்து, "சரி, வேறென்ன?" என்று கேட்ட பிறகுதானே வியாதி, சாவு எல்லாம் வெளியே வரும்? நீங்கள் விசாரிப்பிலேயே பன்னிரண்டு கேள்வியையும் முடித்துப் போனை வைத்துவிட்டீர்கள். கேள்விக்கு நான்காக, நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு. பூரண குணமாம், அதனால் டாக்டர் இனி பார்க்கவேண்டியதில்லையாம், அடுத்த மாதம் வரச்சொன்ன நாளை ரத்து செய்தாயிற்றாம், பாராட்டுக் கடிதம் வேறு.

அவள் தூங்குவது நாற்காலியில். வாழைக்காயைப் பாயில் உட்காராமல் நின்றுகொண்டு சீவுகிறாள், கேட்டால் புது நாகரிகம் என்கிறாள். கோயிலில் எல்லோரும் மண்டியிடும் நேரத்தில் காற்று வேண்டுமென்று வெளியே போய்விடுகிறாள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாற்பத்தொரு வருடமாகத் தினமும் காலையில் "நல்லா தூங்கினியா?" என்று நானும்தான் கேட்கிறேன், அவள் "நல்லா" என்றதும் செய்தித்தாளைப் பிரித்துவிடுகிறேன். அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆகவே நானே பார்த்துப் பார்த்துத் திருத்தி இருபத்துமூன்று போட்டிருக்கிறேன். கடைக்குத் தனியாகப் போய்வருவதற்கு மட்டும் முழு நான்கு. தயவுசெய்து இதைப் பதிந்து, டாக்டரிடம் அவளுக்கு மறுபடி ஒரு நாள் வாங்கித் தாருங்கள்.

உங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கம். உங்கள் அடுப்பும் உங்கள் முழங்கால்களும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
எராஸ்தோ கிக்குண்டு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் நலோங்கோவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தேநீரை வைத்துவிட்டு என் முன்னால் மண்டியிட்டாள். "அந்தப் பொண்ணு வேலைக்கு ஏதாவது ஆயிடும். நாற்பத்தெட்டே இருக்கட்டும், விட்டுடுங்க" என்றாள். சரியென்று தலையாட்டிவிட்டேன். அரை மணி ஆகியும் அவள் எழுந்திருக்கவில்லை. "வலிக்குதா?" என்றேன். "நல்லா இருக்கேன்." நானும் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, வேறென்ன?" என்று கேட்டேன். வெகுநேரம் அழுதாள், பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைக்கே அவள் போவதில்லையாம், வாடகை மோட்டார்சைக்கிள்காரன் வாங்கி வந்து வேலியோரம் கொடுப்பானாம், அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு என் கண்ணெதிரே நடந்து வருவாளாம். எனவே மேலே நான் போட்ட இருபத்துமூன்றை அடித்துவிடுங்கள். அவளே சொல்லச் சொல்லக் கூட்டினேன். ஆறு.