ஒன்றரை அங்குலப் படி

தேநீர்த் தட்டோடு கண்ணகை தடுக்கியது அன்றைக்கு மூன்றாவது தடவை. கோப்பைகள் தப்பின. தேநீர் மட்டும் அவள் புருஷன் அழகரத்தினம் இடுப்பில் கட்டியிருந்த புதுச் சாரத்தில் இறங்கியது.

"இந்தப் படி என்னைக் கொல்லாம விடாது," என்றாள்.

அந்தப் படியை யாரும் கட்டவில்லை. ஆரையம்பதியில் பெண்ணுக்குக் கொடுக்கிற வீட்டை மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்த பிறகுதான் பேச்சு முற்றாகும். முழு வீட்டுக்கும் டைல்ஸ் போடச் சொல்லி மகள் தனுஷா கேட்டபோது, "சமைக்கிற குசினியை ஆர் வந்து பாக்கப் போறா?" என்று சிரித்தார் அழகரத்தினம். பழைய சீமெந்துத் தரைக்கு மேலேயே கூடத்துக்கு மட்டும் பதிக்கச் செய்தார். கூடம் மின்னியது. அடுத்திருந்த சாப்பாட்டு அறை ஒன்றரை அங்குலம் பள்ளத்தில் கிடந்தது.

"லக்ஷன்ட அம்மாவுக்கு முழங்கால் ஏலாதாம் அப்பா," என்றாள் தனுஷா. "வீடு பாக்க வாற அண்டைக்குத் தடுக்கி விழுந்தாவெண்டா?"

அழகரத்தினம் குனிந்து படியைப் பார்த்தார். மாப்பிள்ளை லக்ஷன் நல்ல பையன், மகளுக்கும் பிடித்த இடம். அந்த அம்மா வந்த வீட்டில் குப்புற விழுந்தால் கல்யாணப் பேச்சு அதோடு சரி. அவர்கள் வரப் பத்து நாள்தான் இருந்தது.

டைல்ஸ் பதித்த காத்தான்குடி மேசன் ரிஸ்கானை மறுபடி கூப்பிட்டார். அவன் படியடியில் சீமெந்தால் ஒரு சரிவு வைத்தான். தடுக்கல் நின்றது, சாப்பாட்டு அறைக் கதவும் நின்றது. பாதி திறந்த கதவு சரிவில் சிக்கிக்கொள்ள, கண்ணகை பக்கவாட்டில் நுழைந்தாள். அழகரத்தினத்தின் தொந்தி நுழையவில்லை.

கதவின் அடியைச் சீவினார். சீவிய இடைவெளியால் பக்கத்து வீட்டில் இருக்கும் கண்ணகையின் அக்காவின் கோழிக்குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டு அறைக்குள் போயின. தாய்க்கோழி கூடத்தில் நின்று ஊரைக் கூட்டியது.

இடைவெளியை அடைக்கக் கால்மிதி போட்டார். அது சரிவில் வழுக்கியது. தனுஷா சறுக்கி, சுவரைப் பிடித்து, இடக்காலை நொண்டினாள்.

"இஞ்ச பாருங்க, பிள்ளையின்ட கால் போச்சு," என்றாள் கண்ணகை.

"சாப்பாட்டு அறைக்கும் பதிச்சா மட்டமா வந்திரும் அண்ணன்," என்றான் ரிஸ்கான்.

"அதே கலர் இருக்கா தம்பி?"

"இருக்கு அண்ணன்."

மறுநாள் அழகரத்தினம் பல் விளக்கி முடிப்பதற்குள் டைல்ஸ் வந்து சேர்ந்தது.

சாப்பாட்டு அறை உயர்ந்தது. படி குசினி வாசலுக்குப் போய்விட்டது. அன்று மாலையே கண்ணகை சொதிச் சட்டியோடு தடுக்கினாள். குசினிக்கும் பதித்தார்கள். படி பின் விறாந்தைக்கு ஓடியது. அங்கே தனுஷா தடுக்கி, வலக்காலை நொண்டினாள். அழகரத்தினம் மட்டும் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. தன் நடை அப்படி என்று உள்ளூரப் பெருமைப்பட்டார்.

விறாந்தைக்கும் போட்டு, படியை வீட்டுக்கு வெளியே வளவுக்குள் துரத்திய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

லக்ஷனின் அம்மா ஓட்டோவால் இறங்கி, ரோட்டோரச் சாக்கடைக் கானை ஒரே எட்டில் தாண்டி வந்தார். கூடத்திலிருந்து பின் விறாந்தை வரை விறுவிறென்று நடந்தார். எங்கும் கால் தட்டவில்லை.

"எங்களுக்குச் சம்மதம்," என்றார். "நல்ல நாளாப் பாருங்க."

அழகரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மட்டமான தரை முழங்கால் வலிக்கே மருந்து என்று நினைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும், விட்டுப்போன மட்டப்பலகையை எடுக்க ரிஸ்கான் வந்தான். அவன் தோளைத் தட்டினார்.

"கடைசி வரைக்கும் ஒரே கலர் கிடைச்சுதே தம்பி. எல்லாம் எங்கட அதிர்ஷ்டம்."

ரிஸ்கான் விழித்தான். "என்ன அதிர்ஷ்டம் அண்ணன்? உங்கட மகள் முதல் நாளே முழு வீட்டையும் அளந்து தர, அவ்வளவையும் ஒரே லொறியில இறக்கி, பக்கத்து வீட்டு அக்காட விறாந்தையிலதானே அடுக்கி வெச்சிருந்தம்."