தேசிக்காய் எந்தக் குடத்தில்?

"பிள்ளை, இது சீலைக்கடையோ, குடக்கடையோ?" முதலாளி நாகேந்திரம் துஷ்யந்தியின் மேசையில் தட்டினார். "விடிஞ்சதிலயிருந்து பதினொரு குடம் போயிட்டுது!"

கொழும்பு வெள்ளவத்தையில் அவருடைய கடை வாசலில் பெரிய திரை ஒன்று. அதில் ஓடுவது துஷ்யந்தி செய்த அனிமேஷன். மூன்று குடங்களில் ஒன்றுக்குள் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், விழும். மூன்று குடங்களும் இடம் மாறி மாறி ஓடும். நின்றதும், தேசிக்காய் எதற்குள் என்று சரியாகச் சொன்னால், தீபாவளிப் பரிசாக நிசமான சில்வர் குடம். மூன்று பேரில் ஒருவருக்குத்தான் பிடிபடும் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுடைய தகுதிகாண் காலம் முடிகிறது. பாவம், வேலை நிரந்தரமாவது அந்தக் குடங்களின் கையில் இருந்தது.

"மெதுவா ஓடுது சேர். கண் பின்னாலயே போகுது. ஸ்பீடைக் கூட்டுறன்."

கூட்டினாள். மத்தியானத்துக்குள் இருபத்தைந்து குடங்கள் போயின.

"இன்னும் கூட்டும்!"

குடங்கள் புகையாய்ச் சுழன்றன. போதாதென்று குறுக்கே ஒரு கிளியையும் பறக்கவிட்டாள். பார்த்த நாகேந்திரம் தலை சுற்றி வேட்டிக்கட்டுகளின் மேல் சாய்ந்தார். செய்தவளுக்கே தேசிக்காய் போன திசை தெரியவில்லை. சனமோ சரியாகச் சொல்லி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொழும்பு-காலி வீதியில் நடந்தது.

"வேகம் கூடக்கூட சனத்துக்குக் கண் கூர்மையாகுது போல, சேர்."

"விசர்க்கதை! அப்ப குறையும்!"

குறைத்தாள். குடங்கள் நத்தையாய் ஊர்ந்தன. வரிசை பஸ் ஹோல்ட் வரை நீண்டது. நின்றபடியே கண்ணயர்ந்த ஒருவர்கூட விழித்துச் சரியாகச் சொன்னார்.

"நாளைக்கு ஒரு குடமாவது மிஞ்சவேணும், பிள்ளை. இல்லாட்டி நீரும் மிஞ்சமாட்டீர்."

குழம்பிப்போன துஷ்யந்தி வரிசையருகே போய் நின்றாள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அருள்நாயகி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீலை ஒன்றின் கரையைத் தடவிப் பார்த்தபடியே விடையைச் சொல்லிக் குடத்தை வாங்கினார்.

"அன்ரி, நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கேல்லையே! எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

"இதில பார்க்க என்ன கிடக்கு பிள்ளை? எங்கட வட்ஸ்அப் குறூப்பில காலமையே போட்டிட்டினம்: அந்தப் பெட்டை என்ன வேகத்தில ஓடவிட்டாலும், தேசிக்காய் ஒவ்வொருதரமும் நடுக்குடத்திலதான் வந்து நிக்குதாம்."